கவர்மெண்ட் மாத்திரையும் மாத்திரைதான், அம்மா

என் அம்மாவுக்கு, என் வெல்லக்கட்டிக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அடுப்படியில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில், கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அத்தை கண்ணில் பட்டால் கிழித்து அடுப்பில் போட்டுவிடும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

முதல் கோபம் உன் மேல்தான். தப்பாக நினைக்காதே.

நீ இப்போது சாமி. உனக்கு யாராவது சொன்னார்களா? ரேஷன் கார்டுக்கு எடுத்த உன் போட்டோவைப் பெரிதாக்கி, நெற்றி நிறையக் குங்குமம் வரையச் சொல்லி, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். நீ என்றைக்கு அவ்வளவு பெரிய பொட்டு வைத்தாய்? ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மோடு ஓடும்போது சின்ன ஸ்டிக்கர் பொட்டுதான். அதுவும் வேர்வையில் எங்கோ விழுந்துவிடும். இப்போது வெள்ளிக்கிழமை ஆனால் தெருவில் இருக்கிற பெண்கள் வந்து உன்னைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அத்தை வாசலிலேயே ஆரம்பித்துவிடும். "ஆடி மாசம், கூழ் ஊத்துற அன்னிக்கு, ஆத்தா நேரா வந்து என் தம்பி பொண்டாட்டிய இட்டுக்கினு போயிட்டா. யாருக்குக் கெடைக்கும் இந்த மாதிரி சாவு?"

நான் குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு வாயில் என்னென்னவோ வரும். விழுங்கிக்கொள்வேன்.

ஆடி மறுபடியும் வந்துவிட்டது, அம்மா. நைனா காப்பு கட்டிக்கொண்டார். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உன் பேரில் தீச்சட்டி எடுக்கப்போகிறார். விடியற்காலையிலிருந்து சட்டி இறக்கும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

உனக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. நைனாவுக்கும் சுகர் வந்துவிட்டது. மாசா மாசம் பையில் மாத்திரை எடுத்துக்கொண்டு நம் தெருவுக்கு வருமே ஒரு அக்கா, அந்த அக்காதான் பொங்கல் கழித்து விரலில் குத்திப் பார்த்தது. ஹெல்த் சென்டருக்கு அனுப்பியது. உனக்குக் கொடுத்த அதே மாத்திரையை அவருக்கும் கொடுக்கிறார்கள். அவரும் உன்னைப் போலவே அதைப் போட்டுக்கொள்கிறார். உன்னைப் போலவே கூட இன்னொன்றும் போட்டுக்கொள்கிறார்.

அந்த இன்னொன்றைப் பற்றித்தான் உன்னிடம் சண்டை போட வேண்டும்.

செங்கல்பட்டில் யாரோ ஒரு தனியார் டாக்டர் எப்போதோ உனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. அந்தச் சீட்டு தொலைந்து பல காலம் ஆகிவிட்டது. காலி அட்டையைக் காட்டினால் போதும், ரோட்டு முனை மெடிக்கலில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். நைனா வேலைவிட்டு வரும்போது வாங்கி வருவார். "கவர்மெண்ட் மாத்திர இன்னா மாத்திர, சுண்ணாம்பு. அத மட்டும் நம்பிக்கினு கெடந்தா அவ்ளோதான். இதான் பவரு" என்று உன் கையில் வைப்பார். நீ மறுபேச்சு பேச மாட்டாய். அதே நேரம் அந்த அக்கா கொடுத்ததையும் விட மாட்டாய். "வூட்டாண்ட வந்து சும்மா குடுக்குது அந்தப் பொண்ணு, வீணாக்கலாமா?" என்று அதையும் ஒரே மடக்கில் முழுங்குவாய்.

ரேஷன் அரிசியை நம் வீட்டில் அரிசிக் கணக்கில் சேர்க்க மாட்டோம். அது இட்லிக்கு, அது கோழிக்கு. அதுபோலத்தான் கவர்மெண்ட் மாத்திரையும். உங்கள் இரண்டு பேர் கணக்கில் அது மாத்திரையே இல்லை. "ஒரு மாத்திரதான் போடுறேன்" என்று நீ சொன்னால், வயிற்றுக்குள் இரண்டு போயிருக்கும்.

புதுப்பட்டினத்தில் மீன் வாங்கும்போது நீ என்ன பாடு படுத்துவாய். செவுளைத் தூக்கிப் பார்ப்பாய், கண்ணை அமுக்கிப் பார்ப்பாய், "நேத்து மீனு தானே இது, என்னாண்டயே வேலய காட்டுறியா" என்று மீன்கார ஆயாவை நிற்க வைத்துக் கேட்பாய். ஒரு சங்கரா மீனை அத்தனை கேள்வி கேட்ட நீ, மெடிக்கல் வாசலில் மட்டும் ஏன் வாயைத் திறக்காமல் கையை நீட்டினாய்? இது என்ன, எதற்கு, அதோடு சேர்த்துப் போடலாமா என்று ஒருதரம் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? படிக்காதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்றா? மீன் கடையில் அந்த வெட்கம் உனக்கு வரவே இல்லையே.

போன வாரம் நைனா என்னை மெடிக்கலுக்கு அனுப்பினார். கையில் கொடுத்த காலி அட்டை யாருடையது தெரியுமா? உன்னுடையது. உன் மஞ்சப்பையில் கிடந்ததாம். அவருக்கு எந்த டாக்டரும் அதை எழுதித் தரவில்லை. உனக்குக் கொடுத்த "பவர்" மாத்திரை தனக்கும் ஆகும் என்று அவரே முடிவு செய்து, ரொம்ப நாளாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். வாங்க மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைக்கார அண்ணன் அட்டையைப் பார்த்ததும் கத்தரிக்கோலை எடுத்தார்.

"முழு அட்டையா குடுங்கண்ணா" என்றேன்.

"இன்னாத்துக்குக் கண்ணு முழுசு? உங்க நைனா எப்பவும் துண்டாத்தான் வாங்குவாரு."

"பேரு பாக்கணும்."

"பேரு பாத்து இன்னா பண்ணப் போற, மாப்ளைக்கு வெக்கப் போறியா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, அம்மா. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து கொடுத்தவர். ஆனால் உனக்கு அத்தனை மாதம் வெட்டிக் கொடுத்தாரே, வேறு என்ன மாத்திரை போடுகிறாய் என்று ஒரு நாள் கேட்டாரா? நீ போன பிறகு அதே அட்டையை நைனா நீட்டினாரே, இது அவங்களோடது ஆச்சே, உங்களுக்குச் சீட்டு எங்கே என்று கேட்டாரா? ஒரு கேள்விதானே. அது அவர் வேலைதானே. சிரிக்க மட்டும் தெரிந்தது.

விடாமல் கேட்டு முழு அட்டையாகவே வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதையும் கவர்மெண்ட் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடை அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பேர். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் கிளிமிபிரைடு. கவர்மெண்ட் அட்டையில் பெரிய பேரே இல்லை. விற்பனைக்கு அல்ல என்று போட்டிருந்தது. அதன் பக்கத்தில் கிளிமிபிரைடு. நான் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிப் படித்தேன். நமக்கு எப்போதும் துண்டு அட்டைதானே வரும். பேர் வெட்டுப்பட்டு, பாதி கடை டப்பாவில் இருக்கும், பாதி நம் வீட்டில் இருக்கும். நீ படிக்க நினைத்திருந்தாலும் படித்திருக்க முடியாது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

மறுநாள் ஸ்கூல் விட்டதும் பஸ் ஏறி ஹெல்த் சென்டருக்குப் போனேன். மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்த மேடம் இரண்டையும் வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. இது கம்பெனி பேரு, இது மருந்து பேரு. அவ்ளோதான் வித்தியாசம். ஒரே ஆளு ரெண்டத்தையும் போடுறாங்களா?"

எனக்குப் பின்னால் வரிசையில் அத்தையின் சீட்டு ஃபண்டு சிநேகிதி நின்றுகொண்டிருந்தாள். "இல்ல மேடம், ஸ்கூல்ல கேட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்பவில்லை. "ஸ்கூல்ல கேட்டாங்கன்னா நல்லா எழுதிக்கோ. ரெண்டும் சேந்து உள்ள போனா சுகர் ஏறாது, கிடுகிடுன்னு எறங்கிடும். அதுவும் சாப்புடாம கீற அன்னிக்கு ரொம்ப டேஞ்சரு. வேத்துக் கொட்டும். கை கால் நடுங்கும். அகோரப் பசி பசிக்கும். அப்பறம் ஆளு மாறிப் பேசுவாங்க, சம்பந்தமில்லாம ஒளறுவாங்க, கூப்ட்டா தெரியாது. நெனவு கீறப்பவே சர்க்கரயோ வெல்லத் தண்ணியோ குடுத்துடணும். சுகர்காரங்களுக்குச் சர்க்கர குடுக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா கேக்காத. அந்த நேரத்துல அதான் மருந்து. நெனவு போயிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாத, ஒடனே நூத்தியெட்டுக்குப் போடு."

பின்னால் இருந்த பெண் "சீக்கிரம் வுடும்மா, பஸ்ஸு பூடும்" என்றாள். மேடம் கண்டுகொள்ளவில்லை.

"உங்க ஸ்கூல்ல கேட்ட அந்த ஆள, வூட்ல கீற எல்லா மாத்திரையோட இங்க வரச் சொல்லு. எத நிறுத்துறது, எவ்ளோ போடுறதுன்னு டாக்டர் சொல்லுவாரு. நீங்களா முடிவு பண்ணாதீங்க. வெரதம் கிரதம் இருந்தா அதுக்கு முன்னாடியே வரணும்."

நான் தலையாட்டினேன். அட்டைகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் மருந்தைப் பற்றிச் சொன்ன மாதிரியே இல்லை, அம்மா. போன ஆடியில் கோயில் வாசலில் பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்றைக்கும் நீ விரதம். காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இரண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். வெயில் ஏறியபோது உனக்கு வேர்த்தது. புடவை முழுக்க நனைந்துவிட்டது. அப்புறம் உன் கை ஆடியது, உடம்பு ஆடியது. யாரோ குலவை போட்டார்கள். பம்பைக்காரர் பக்கத்தில் வந்து வேகமாக அடிக்க ஆரம்பித்தார். உன் பார்வை எங்கேயோ போயிருந்தது. அத்தை உன் தலைமுடியை அவிழ்த்துவிட்டது. நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, "வந்திருக்கிறது யாரு? ஆத்தாவா? சொல்லு" என்று கேட்டது.

நீ என்ன சொன்னாய்? எனக்கு நன்றாகக் கேட்டது. "பசிக்குது" என்றாய்.

"ஆத்தாவுக்குப் பசிக்குதாம்" என்று அத்தை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. "போன வருசம் கெடா வெட்டல இல்ல, அதான் கேக்குறா." உடனே யாரோ கெடா நேர்ந்துகொண்டார்கள். நீ திரும்பவும் "பசிக்குது" என்றாய். அவர்கள் திரும்பவும் கற்பூரம் ஏற்றினார்கள். பக்கத்திலேயே நீ தூக்கி வந்த பானை நிறையக் கூழ் இருந்தது. உன் காலடியில் ஊற்றினார்கள். உன் வாயில் ஒரு வாய் ஊற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வீட்டு மனைப் பட்டா எப்போது வரும் என்று உன்னிடம் குறி கேட்டார்கள். என்னையும் பிடித்துத் தள்ளி, விழுந்து கும்பிடச் சொன்னார்கள்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா சித்தி மட்டும் பானகச் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது. "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, எனக்கு இந்த சாமியெல்லாம் தெரியாது. அந்தப் பொம்பள ஒதடு வெளுத்துக் கீது, இதக் குடிக்க வெய்யுங்க" என்றது. நைனாதான் சொம்பைத் தடுத்தார். "வேணாம் ஸ்டெல்லா. சாமி மலையேறிட்டா இது அவ ஒடம்புக்குத்தானே போவும். அவளுக்கு சுகர் கீது, வெல்லம் ஆவாது." எவ்வளவு பாசமாகச் சொன்னார் தெரியுமா? அந்தக் கூட்டத்திலேயே உன் உடம்பை நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நீ கீழே சாய்ந்தபோது சாமி மலையேறிவிட்டது என்றார்கள். நிழலில் படுக்க வைத்தார்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்த மாதிரிதான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நைனாவிடம் ஏதோ சொன்னார். அத்தை வெளியே வந்து "சுகருன்னு சொல்லிக்கினு கீறாங்க, அவங்களுக்கு இன்னா தெரியும்" என்றது. சுகர் என்றால் ஏறியது என்றுதானே நாம் எல்லாரும் நினைத்தோம்? இறங்கினாலும் ஆள் போய்விடும் என்று நம் தெருவில் யாருக்குத் தெரியும்?

எனக்கு மாரியம்மன் மேல் கோபம் இல்லை. அவள் கூழ் கேட்டாள், கொடுத்தோம். அவள் உன்னைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நாம் செய்ததை எல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டு, அதற்கும் சேர்த்து அவளையே கும்பிடுகிறோம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன். தீச்சட்டியை விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு அட்டைகளையும் அவர் முன்னால் வைத்தேன். "ரெண்டும் ஒரே மருந்து நைனா. ஞாயித்துக்கெழம ரெண்டையும் போட்டுகினு பட்டினியா நடந்தீங்கன்னா அம்மாவுக்கு ஆன மாதிரியே ஆவும்" என்றேன்.

அத்தை உள்ளேயிருந்து வந்தது. "இன்னாடி ஆன மாதிரி? உங்கம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

"சாமி வரல அத்த. சுகர் எறங்கிடுச்சு."

"வாய் மேலயே போடு அவள. பன்னெண்டாவது போறதுக்குள்ளயே டாக்டராயிட்டா. ஊரே கும்புடுது, பெத்த பொண்ணு நோய்ன்னு சொல்றா பாரு. இதுக்குத்தான் பொட்டப் புள்ளைய சயின்ஸ் க்ரூப்புல போடாதன்னு சொன்னேன்."

நைனா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அத்தை கத்திக்கொண்டே வாசலுக்குப் போன பிறகு, கடை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டைல்ஸ் வெட்டி வெட்டித் தோல் உரிந்த விரல். அந்த எறும்பு எழுத்தின் மேல் விரலை வைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டார்.

"அப்போ இத வாங்கியாந்து அவ கையில குடுத்தது யாரு?"

"தெரியல நைனா" என்றேன்.

"அப்பறம் இன்னா. போய்ப் படி" என்றார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போதுதான் எனக்குப் புரிகிறது, அம்மா. அவருக்கு நான் சொன்னது விளங்காமல் இல்லை. நான் சொல்வது நிஜமென்றால், மாத்திரை வாங்கி வந்த கையும் பானகத்தைத் தடுத்த கையும் அவருடையது. நீ சாமி என்றால் அவர் யாரையும் கொல்லவில்லை. அதனால்தான் அத்தையைவிட அவர்தான் அந்தக் கதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டே நெருப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறார். நடுவில் அவருக்கு வேர்த்தால், கை ஆடினால், பம்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வருவார்கள்.

அவர்மேலும் எனக்குக் கோபம்தான். உன்னை இழந்தது அவர் மட்டும்தானா? அவர் மனசு நோகக்கூடாது என்று நான் "தெரியல" என்று சொல்லிவிட்டு, நாளை மறுநாள் அவரையும் தூக்கிக்கொடுக்க வேண்டுமா? பதினோராவது படிக்கிற பெண் எவ்வளவுதான் விழுங்குவது?

நாளைக்குச் சனிக்கிழமை. ஹெல்த் சென்டர் மதியம்வரை திறந்திருக்கும். நைனா சட்டைப் பையில் இருக்கிற அட்டையைத் தவிர, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் பையில் போட்டு எடுத்து வைத்துவிட்டேன். ஸ்டெல்லா சித்தியிடம் சொல்லிவிட்டேன், துணைக்கு வருகிறது. "உங்கத்தைய நான் பாத்துக்குறேன், நீ உங்க நைனாவப் பாரு" என்றது. காப்பை அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்து, நோம்பு இருக்கப்போகிறேன் என்று அவரே சொல்லட்டும். டாக்டர் நடக்கலாம் என்றால் நடக்கட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆனால் அவரை வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டுமென்றால், முதலில் அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் அவர் வர மாட்டார். எனக்குத் தெரியும்.

சொல்கிறேன், அம்மா. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். காலையில் அவர் பல் தேய்த்துவிட்டு வரும்போது எதிரில் போய் நின்று சொல்வேன். நீங்கதான் வாங்கியாந்தீங்க நைனா. தெரியாம வாங்கியாந்தீங்க. அம்மாவும் தெரியாம போட்டுது. இப்போ நமக்குத் தெரிஞ்சிடுச்சு, கிளம்புங்க. அவர் உட்கார்ந்துவிடுவார். தலையில் அடித்துக்கொண்டு அழுவார். ஒருவேளை என்னை ஆயுசு முழுக்க மன்னிக்காமல் போவார். அழட்டும். திட்டட்டும். என்னோடு பேசாமல் இருக்கட்டும். அதற்கெல்லாம் அவர் இருக்க வேண்டும்.

உன் மகள், நைனாவுக்கும் மகள்,
கௌசல்யா